செம்மரப் பொம்மையும் எனாமல் டப்பாவும்

அரக்கோணத்திலிருந்து வடமேற்கே கிளம்பிய மெட்ராஸ் ரயில்வேயின் கிளைப்பாதை 1862-இல் ரேணிகுண்டாவை எட்டியது. திருப்பதிக்கே ரயில் வராத காலம் அது. சென்னையிலிருந்து ஏறக்குறைய 135 கிலோமீட்டர் ரயிலில் வந்த யாத்ரிகர்கள் ரேணிகுண்டாவில் இறங்கி, எஞ்சிய தூரத்தை மாட்டுவண்டியிலோ கால்நடையாகவோ கடந்து, அதன்பின் மலையேறினார்கள். 1871-இல் இதே பாதை ராய்ச்சூரில் பம்பாய்ப் பக்கத்துத் தண்டவாளத்தோடு இணைந்தது. ரேணிகுண்டா ஜங்ஷனாக வளர்ந்தது. தரிசனம் முடித்துத் திரும்பியவர்களின் மூட்டையில் பிரசாதத்தோடு பெரும்பாலும் இன்னொன்றும் இருந்தது: அடிவாரத்துக் கடைகளில் வாங்கிய செம்மர மரப்பாச்சி, ஆணும் பெண்ணுமாக ஒரு சோடி.

அப்படிப் போன சோடிகளில் பல இன்றும் நவராத்திரிக்கு நவராத்திரி கொலுப்படி ஏறுகின்றன. ஆனால் வாங்கிய அன்றிருந்த நிறத்திலேயே இருப்பவை குறைவு. பாட்டி காலத்தில் பச்சை ரவிக்கை தீட்டியிருப்பார்கள். அம்மா காலத்தில் முகத்துக்கு ரோஸ் நிறம் ஏறியிருக்கும். பிறகு யாரோ எல்லாவற்றின் மேலும் தங்கநிறப் பெயிண்டை அடித்திருப்பார்கள். இப்போதுள்ளவர்களுக்கு அடியில் இருக்கும் மரத்தைப் பார்க்க வேண்டுமென்று ஆசை. புரட்டாசி நெருங்கும்போது பரணிலிருந்து பெட்டியை இறக்குகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, இந்தப் பழைய பெயிண்டை எப்படி எடுப்பது என்பதுதான்.

பூச்சுக்கு அடியில் இருப்பது எந்தப் பொருள், மேலே இருப்பது எந்தக் காலத்துப் பூச்சு என்று தெரியாமல் அதற்கு விடை சொல்ல முடியாது. அதைத் தேடிப் போனால் சேஷாசலக் காடும், இந்தியப் பெயிண்டுத் தொழிலும், எழும்பூர் அருங்காட்சியகமும், தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுவரும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன.

முதலில் மரம். செஞ்சந்தனம் என்றும் செம்மரம் என்றும் தமிழிலும், எர்ர சந்தனம் என்று தெலுங்கிலும் வழங்கும் இந்த மரம் உலகில் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும்தான். சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா ஆகிய மலைகளின் வறண்ட சரிவுகளே அதன் தாய்வீடு. ரேணிகுண்டாவில் நின்று மேற்கே பார்த்தால் தெரிவது அந்தச் சேஷாசலத்தின் விளிம்பு. சந்தனம் என்று பெயர் இருந்தாலும் வாசனை கிடையாது. மெதுவாக வளரும். வைரம் பாய்ந்த நடுமரம் அவ்வளவு கனம் என்பதால் தண்ணீரில் போட்டால் மூழ்கும். வாங்கிய பொம்மை அசல் செம்மரம்தானா என்று பார்க்கப் பலர் இன்றும் செய்வது இந்தச் சோதனையைத்தான்.

அந்தச் சிவப்புக்குக் காரணம் நடுமரத்தில் ஊறியிருக்கும் சாண்டலின் என்ற சாயப்பொருள். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் டச்சு, ஆங்கிலக் கம்பெனிகளின் கப்பல்கள் சோழமண்டலக் கரையிலிருந்து செம்மரக் கட்டைகளை ஏற்றிச் சென்றது இதற்காகத்தான். ஐரோப்பாவில் அவற்றைத் தூளாக்கிக் கம்பளித் துணிக்குச் சாயம் ஏற்றினார்கள். மருந்துச் சாராயங்களுக்கும் மரப் பாலிஷுக்கும் அந்தத் தூள்தான் நிறம் கொடுத்தது. அதற்கும் முந்தைய இடைக்காலத்தில் இங்கிலாந்தின் பெரிய வீட்டுச் சமையலறைகளில் உணவுக்குச் சிவப்பேற்றவும் செஞ்சந்தனத் தூள் போனது. 1856-இல் பெர்க்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்து, 1869-இல் அலிசரினும் ஆய்வுக்கூடத்தில் தயாரான பிறகு இந்தச் சாயமர வணிகம் தேய்ந்தது. சாண்டலினின் இரண்டு குணங்கள் இந்தக் கட்டுரைக்கு முக்கியமானவை. அது தண்ணீரில் அநேகமாகக் கரையாது. சாராயத்திலும் காரத்திலும் நன்றாகக் கரையும். பழைய மரப்பாச்சியைச் சுத்தம் செய்யப் போய்ப் பாழாக்கியவர்களின் கதைகளில் பெரும்பாலானவை இந்த ஒரே காரணத்தில் வந்து முடிகின்றன.

கம்பெனிக்காரருக்குச் சாயமாகத் தெரிந்த கட்டை அடிவாரத்துத் தச்சருக்குப் பொம்மையாகத் தெரிந்தது. செம்மரம் உளிக்கு எளிதில் இடம் கொடுக்காது. அதனால்தான் திருப்பதி மரப்பாச்சிக்குக் கட்டையோடு ஒட்டிய அந்த உருவம் அமைந்தது. கைகள் உடம்பை விட்டு விலகுவதில்லை. பாதங்கள் பீடத்தோடு சேர்ந்தே இருக்கும். கண், மூக்கு, கொண்டை, நகை எல்லாம் சில அழுத்தமான வெட்டுகளில் வந்துவிடும். கீழே விழுந்தாலும் உடைய அதில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி எதுவும் கிடையாது. ரேணிகுண்டாவிலிருந்து காளஹஸ்தி போகும் பக்கத்தில், ஏர்ப்பேடு மண்டலத்தைச் சேர்ந்த மாதவமாலா என்ற கிராமம் இன்றும் மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்றது. சாமி உருவங்களும் பொம்மைகளும் அங்கே செதுக்கப்படுகின்றன.

கல்யாணச் சீரில் மரப்பாச்சி சோடி வைப்பது தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் பலவற்றில் வழக்கம். புதுப்பெண் தன் வீட்டில் முதல் கொலு வைக்கும்போது முதலில் படியேறுவது அந்தச் சோடிதான். பெருமாளும் தாயாரும் என்று சிலர் சொல்வார்கள், ராஜாவும் ராணியும் என்று சிலர் சொல்வார்கள். நவராத்திரி முடிந்ததும் அது குழந்தையின் கைக்குப் போகும். குழந்தை அதைக் கடிக்கும், சப்பும். யாரும் தடுக்க மாட்டார்கள். செஞ்சந்தனம் உடம்புக்கு நல்லது, குளிர்ச்சி என்பது நம்பிக்கை. பொம்மையையே கல்லில் உரைத்து, அந்த விழுதைக் குழந்தைக்கு மருந்தாக இட்ட வீடுகளும் உண்டு. வாயில் வைத்தாலும் பயமில்லை என்ற அந்த ஒரு குணத்துக்காகவே இந்த மரம் விளையாட்டுப் பொருளாகியிருக்க வேண்டும்.

மரப்பாச்சியை அலங்கரிப்பதென்றால் அதற்குத் துணி உடுத்துவது என்றுதான் முதலில் பொருள். பட்டுத் துண்டில் பாவாடை, ஜரிகைக் காகிதத்தில் கிரீடம், பாசிமணி மாலை. ஆண்டுக்கு ஆண்டு உடை மாறும், மரம் அப்படியே இருக்கும். வண்ணம் தீட்டியே ஆகவேண்டிய பொம்மைகள் வேறு. கிருஷ்ணா நதிக்கரைப் பக்கத்துக் கொண்டப்பள்ளியில் பொம்மை செய்ய எடுப்பது தெல்ல பொனிகி என்ற வெளிறிய, லேசான மரம். கை, கால், தலை எல்லாம் தனித்தனியாகச் செதுக்கப்படும். மரத்தூளையும் புளியங்கொட்டை மாவையும் குழைத்த மக்கு என்ற பசையால் அவை ஒட்டப்படும். மேலே சுண்ணாம்புப் பூச்சு, அதற்கு மேல் வண்ணம். அங்கே வண்ணம் இல்லாவிட்டால் பொம்மையே இல்லை. செம்மரத்துக்கு அந்தத் தேவை இருந்ததில்லை. பிறந்தபோதே அது சிவப்பு.

பின் எப்படி அதன்மேல் பெயிண்ட் ஏறியது? பெயிண்ட் கடைக்கு வந்தது, மலிவானது, சின்ன டப்பாவில் கிடைத்தது. வேறு பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. 1902-இல் கல்கத்தாவில் ஷாலிமார் பெயிண்ட்ஸ் தொடங்கியது. 1942-இல் பம்பாயில் ஏஷியன் பெயிண்ட்ஸ் பிறந்தது. பெரிய டப்பாக்களை வாங்க வசதியில்லாத ஊர்ப்புறத்துக்குச் சின்னச் சின்ன டப்பாக்களில் பெயிண்டைக் கொண்டுபோய்ச் சேர்த்துத்தான் இரண்டாவது கம்பெனி வேரூன்றியது. திருவிழாவுக்கு மாட்டுக் கொம்பில் வண்ணம் தீட்ட உழவர்கள் அவற்றை வாங்கினார்கள் என்பது அந்தத் தொழிலில் பிரபலமான வரலாறு. 1954-இல் ஆர்.கே. லக்ஷ்மண் கையில் தூரிகையோடு ஒரு குறும்புப் பையனை வரைந்து கொடுக்க, கட்டு என்ற அந்தச் சின்னம் நாடு முழுக்கச் சுவர்களில் தெரிந்தது. ஜன்னல் கம்பி, தகரப் பெட்டி, மாட்டுக் கொம்பு என்று வீட்டில் எல்லாவற்றையும் பளபளப்பாக்கிய எனாமல் கொலுப்பெட்டியை மட்டும் விட்டுவைக்குமா? ஒருமுறை அடித்தால் ஆண்டுகளுக்கு நிற்கும், துடைத்தால் போகாது, கறுத்த பொம்மை புதிதாகும். அடித்தவர்கள் அன்போடுதான் அடித்தார்கள்.

அந்த அன்போடு ஈயமும் கலந்து வந்தது. பழைய எனாமலின் அடர் மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் ஈயக் குரோமேட் பயன்பட்டது. சிவப்புப் பிரைமரில் ஈயச் செந்தூரம் இருந்தது. சீக்கிரம் காய்வதற்கும் ஈயச் சேர்மங்கள் சேர்க்கப்பட்டன. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவைக் கட்டாயமாகக் கட்டுப்படுத்தும் விதிகள் 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்பது வரம்பு. அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளில் பொம்மை மேல் ஏறிய எந்த அடர்வண்ணத்தையும் ஈயம் உள்ளதாகவே கருதிக் கையாள்வதுதான் பாதுகாப்பு. குழந்தை வாயில் வைத்தாலும் நல்லது என்று தேர்ந்தெடுத்த மரத்தின் மேல், குழந்தையின் மூளைக்குக் கேடு செய்யும் உலோகத்தைப் பூசியிருக்கிறோம். பழைய பூச்சை எடுக்க விரும்புகிறவர்களின் பக்கம் இருக்கும் ஆக வலுவான நியாயம் இதுதான்.

ஆனால் எடுக்கும் வேலைதான் ஈயத்தைக் கிளப்பிவிடும் வேலையும். பூச்சு கெட்டியாக ஒட்டியிருக்கும்வரை ஆபத்து அடங்கிக் கிடக்கிறது. உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்கத் தொடங்கியதும் அது பொடியாகித் தரையிலும் கையிலும் மூச்சிலும் கலக்கிறது. வீட்டுக் கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, பக்கத்தில் குழந்தையை உட்காரவைத்துக்கொண்டு மரப்பாச்சியைத் தேய்ப்பது நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் தவறான வேலை. சூட்டுக் காற்று அடிக்கும் கருவியால் பெயிண்டை இளக்குவதும் அப்படியே. அளவுக்கு மீறிய சூட்டில் ஈயம் புகையோடு கிளம்பும், முதிர்ந்த மரத்தில் வெடிப்பும் விழும்.

தச்சுப்பட்டறைகளில் வேறு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கதவு நிலைகளிலிருந்து பழைய பெயிண்டைக் கழற்றும் காஸ்டிக் சோடாக் கரைசல். இன்னொன்று, தின்னர், ஸ்பிரிட் வகைகள். தேக்குக் கதவுக்கு இவற்றைச் சொல்லும் கைதேர்ந்த ஆசாரிகூடச் செம்மரத்துக்குத் தயங்குவார். காஸ்டிக் சோடா காரம். பெயிண்டோடு சேர்த்து மரத்தின் சாண்டலினையும் கரைத்து, பொம்மையை ஊதாவும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாக்கிவிடும். ஸ்பிரிட் இன்னும் நேரடியாகச் செய்துவிடும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைச் செம்மரத்தில் ஒற்றி எடுத்தால் பஞ்சு சிவக்கும். சிவந்தது பழைய பெயிண்ட் இல்லை, மரத்தின் சொந்த நிறம். இரவு முழுதும் ஊறவைத்துவிட்டு விடிந்து பார்க்கிறவருக்குக் கிண்ணம் நிறையச் சிவப்பும், வெளிறிய பொம்மையும்தான் மிஞ்சும்.

மிஞ்சுவது பொறுமையான வழி. அரும்பொருள் பராமரிப்பில் தேர்ந்தவர்கள் எந்தப் பொருளிலும் முதலில் செய்வது சோதனை. கண்ணில் படாத மூலையில், பெரும்பாலும் பீடத்துக்கு அடியில், மிகச் சிறிய இடத்தில், பஞ்சு சுற்றிய குச்சியால் ஒவ்வொரு திரவமாகத் தொட்டுப் பார்ப்பார்கள். அதன்பின் உருப்பெருக்கிக்கு அடியில் நுனிக்கத்தியால் பூச்சைச் செதில் செதிலாகத் தூக்குவார்கள். செம்மரத்தில் இதற்கு ஒரு வசதி உண்டு. மரம் அடர்த்தியானது, வழவழப்பானது. எண்ணெய்ப்பசை இருந்த மேற்பரப்பில் பிரைமர் இல்லாமல் அடித்த எனாமல் அதற்குள் ஆழமாக இறங்கியிருக்காது. ஓர் ஓரம் கிளம்பிவிட்டால் பட்டையாகவே உரிந்து வருவதுண்டு. தேய்த்தே ஆகவேண்டிய இடத்தில் தண்ணீர்த்தாள் உதவும். ஈரத்தில் தேய்த்தால் ஈயப்பொடி பறக்காது. சாண்டலின் தண்ணீரில் கரையாது என்பதால் நிறத்துக்கும் மோசமில்லை. மரத்தைத் தண்ணீரில் ஊறப்போடாமல், உடனுக்குடன் துடைத்து நிழலில் உலர்த்த வேண்டும். துடைத்த துணியைத் திரும்பப் பயன்படுத்தாமல் கட்டி எறிய வேண்டும். கை அகலப் பொம்மை ஒன்றுக்கே நாட்கணக்காகும் வேலை இது.

கையடக்க உருவங்களிலிருந்து பழைய வண்ணத்தை எடுப்பது வெளிநாடுகளில் ஒரு பெரிய பொழுதுபோக்கின் அங்கம். அங்கே அவை மேசைமேல் போர் விளையாட்டு ஆடும் சிப்பாய்கள். லண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893-இல் உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கியது. 1913-இல் எச்.ஜி. வெல்ஸ் அப்படிப்பட்ட சிப்பாய்களை வைத்து ஆடும் விதிகளை 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலாகவே எழுதினார். 1975-இல் தொடங்கிய கேம்ஸ் வொர்க்ஷாப் அந்த விளையாட்டை உலகத் தொழிலாக்கியது. சிப்பாய்கள் வண்ணமில்லாமல் விற்கப்படும். வாங்கியவர் தானே தீட்டிக்கொள்ள வேண்டும். அதனால் பழைய படைகள் கைமாறும்போது இன்னொருவர் தீட்டிய வண்ணமும் கூடவே வருகிறது. அதை எடுக்க அவர்கள் கண்டுபிடித்த பொருட்களில் ஒன்று நம் வீடுகளில் காயத்துக்குப் போடும் டெட்டால். அதிலுள்ள ஐசோபுரோப்பில் ஆல்கஹாலும் பைன் எண்ணெயும் அக்ரிலிக் வண்ணத்தை இளக்கிவிடும். ஊறிய சிப்பாயை டெட்டாலிலேயே பல்துலக்கும் பிரஷ் கொண்டு தேய்க்க வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீரில் காட்டினால் வண்ணம் பிசினாகி ஒட்டிக்கொள்ளும்.

அவர்களிடமும் அடிப்படை விதி ஒன்றுதான்: முதலில் பொருளைத் தெரிந்துகொள். ஈயத்திலோ வெள்ளீயக் கலவையிலோ வார்த்த சிப்பாய் அசிட்டோனைத் தாங்கும். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் சிப்பாய் அதே அசிட்டோனில் உருகிக் கூழாகும். அந்த ஊர்க் குறிப்பைப் படித்துவிட்டு இங்கே ஒருவர் மரப்பாச்சியை டெட்டாலில் ஊறப்போட்டால் நடப்பது மேலே சொன்ன ஸ்பிரிட் கதைதான். பிளாஸ்டிக்குக்குப் பாதுகாப்பான திரவம் செம்மரத்துக்குப் பகை.

இந்த விஷயத்தில் கொலுப்படி எந்தப் போர் மேசையையும்விடச் சிக்கலானது. ஒரே படியில் எத்தனை ஊர், எத்தனை பொருள்! பண்ருட்டியிலிருந்தும் கடலூர் வண்டிப்பாளையத்திலிருந்தும் மதுரை விளாச்சேரியிலிருந்தும் வந்த மண் பொம்மைகள், காகிதக்கூழ் பொம்மைகள். கொண்டப்பள்ளி மரம். எட்டிகொப்பாகாவிலும் சன்னபட்டணாவிலும் வெப்பாலை மரத்தைக் கடைந்து அரக்கு ஏற்றிய பொம்மைகள். கூடவே பித்தளைச் செப்பு. இவை ஒவ்வொன்றும் ஒவ்வொன்றுக்குப் பயப்படும். காகிதக்கூழ் பொம்மையைத் தண்ணீரில் நனைத்தால் ஊறிக் குலையும். சுடாத மண்ணும் அப்படியே. கொண்டப்பள்ளி பொம்மையை ஊறவைத்தால் மக்குப் பசை இளகிக் கை வேறு, தலை வேறாகக் கழன்றுவரும். எட்டிகொப்பாகா பொம்மையின் நிறம் அரக்கிலேயே கலந்திருக்கிறது, அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். அதில் எடுப்பதற்கென்று தனியாகப் பூச்சே இல்லை. பித்தளைச் செப்பு மட்டும்தான் இந்தத் திரவங்களில் பெரும்பாலானவற்றைத் தாக்குப்பிடிக்கும். எல்லாப் பொம்மைக்கும் ஒரே மருந்து என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

மேல்பூச்சை எடுப்பதை ஓர் அறிவியலாக முறைப்படுத்தியதில் சென்னைக்கு நாடறிந்த இடம் உண்டு. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் வேதியியல் பராமரிப்புக்கென ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. இந்தியாவில் அருங்காட்சியகங்களில் அமைந்த இத்தகைய கூடங்களில் அது முன்னோடி. கண்காணிப்பாளர் கிரேவ்லி காலத்தில் அங்கே பணியாற்றிய எஸ். பரமசிவன், பூமியில் புதைந்து பச்சைக் களிம்பேறிய செப்புத்திருமேனிகளை மின்பகுப்பு முறையில் மீட்டெடுத்தார். களிம்பில் குளோரைடு இருந்தால் உலோகத்தை அது தொடர்ந்து அரிக்கும், விட்டுவைக்கக் கூடாது. ஆனால் திருமேனியின் நுணுக்க வேலைப்பாடும் போய்விடக் கூடாது. எதை எடுப்பது, எங்கே நிறுத்துவது என்ற கேள்வியை வேதியியலோடு சேர்த்துக் கேட்டவர்களில் அவர் முக்கியமானவர்.

பரமசிவன் ஆராய்ந்தவற்றில் தஞ்சாவூர்ச் சுவரும் ஒன்று. பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய இருட்டுப் பாதையில் நாயக்கர் காலத்து ஓவியங்கள் இருந்தன. 1931 ஏப்ரலில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி, அந்தப் பூச்சு பெயர்ந்த இடங்களில் அடியில் இன்னோர் ஓவியம் இருப்பதைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். ராஜராஜன் 1010-இல் நிறைவேற்றிய கோயிலின் சோழர் ஓவியங்கள் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளாக அந்தப் பூச்சுக்குப் பின்னால் இருந்திருக்கின்றன. அவை ஈரச் சுண்ணாம்பின் மேல் தீட்டப்பட்டவை என்று பரமசிவன் தம் ஆய்வில் காட்டினார். அந்த ஆய்வு 1930-களிலேயே வெளிநாட்டுத் தொழில்நுட்ப இதழில் வெளியானது.

சோழர் ஓவியத்தைப் பார்க்க வேண்டுமானால் நாயக்கர் ஓவியத்தை என்ன செய்வது? சுரண்டி எறிவதுதான் எளிது. இந்தியத் தொல்லியல் துறை அப்படிச் செய்யவில்லை. மேலிருந்த பூச்சுப்படலத்தைச் சிதையாமல் பிரித்தெடுக்கும் முறையைக் கையாண்டு, 16 நாயக்கர் ஓவியங்களைச் சுவரிலிருந்து கழற்றிக் கண்ணாடியிழைப் பலகைகளில் பதித்துத் தனிக் கூடத்தில் காட்சிக்கு வைத்தது. அடியில் இருந்தது வெளியே வந்தது, மேலே இருந்ததும் அழியவில்லை. ஆயிரம் ஆண்டுப் பழமைக்காக நானூறு ஆண்டுப் பழமையைத் தியாகம் செய்ய வேண்டியதில்லை என்று அந்தச் சுவர் காட்டிவிட்டது.

இதற்கு நேர்மாறான பாடமும் தமிழ்நாட்டிலேயே கிடைத்தது. கோயில் திருப்பணிகளில் தூண்களிலும் சிற்பங்களிலும் படிந்த சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பெயிண்டையும் விரைவாக அகற்ற, அழுத்தக் காற்றோடு மணலைப் பீய்ச்சியடிக்கும் முறை ஒரு காலத்தில் பரவலாகக் கையாளப்பட்டது. கல் வெளுத்தது. கூடவே சிற்பங்களின் முகக்களையும் கல்வெட்டு எழுத்துகளின் கூர்மையும் தேய்ந்துபோயின. கல்வெட்டு ஆய்வாளர்களும் கோயில் ஆர்வலர்களும் தொடர்ந்து குரல் கொடுத்த பிறகு அந்த முறைக்குத் தடை வந்தது. அதற்குள் இழந்தவை இழந்தவையே. மரப்பாச்சியின் மூக்கு நுனியை உப்புத்தாளில் இழப்பது அளவில் சிறியது, வகையில் அதுவேதான். நாலு வெட்டில் முகம் கொண்டுவந்த பொம்மையில் ஒரு வெட்டு மழுங்கினாலும் முகம் மாறிவிடும்.

இன்று இந்தக் கேள்விக்கு அவசரம் கூடியிருக்கிறது. செம்மரம் அரிதாகிவிட்டது. 1995 முதல் அது பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. சேஷாசலம் 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இருந்தும் கடத்தல் ஓயவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதிக்கு அருகே சேஷாசலக் காட்டில் போலீஸ் சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 தொழிலாளர்கள் இறந்தார்கள். கூலிக்குப் போன மலைக்கிராமத்து ஏழைகளின் பெயர்களைத் தமிழ் வாசகர்கள் அன்று நாளிதழ்களில் படித்தார்கள். அந்த மரத்தின் விலைக்குள் அந்த உயிர்களும் இருக்கின்றன. முறையான கட்டை கைவினைஞருக்கு எளிதில் கிடைப்பதில்லை. கடைகளில் மரப்பாச்சி என்று விற்பவற்றில் பல வேறு மரத்தில் செய்து சிவப்பு ஏற்றியவை.

ஆகவே பழைய சோடிகளுக்குக் கிராக்கி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பழம்பொருட்களை விற்கும் கடைகளில் தூண், கதவு, எனாமல் தூக்குகளுக்கு நடுவே மரப்பாச்சிகளும் நிற்கின்றன. சில மூன்று நான்கு வண்ணம் ஏறியவை. வாங்கிப் போகிறவர் முதலில் கேட்பது ரிமூவர் எந்தக் கடையில் கிடைக்கும் என்பதை. அந்தப் பொம்மை யார் வீட்டுச் சீர், எந்த ஊர்ச் செதுக்கு, எந்தப் பத்தாண்டில் பச்சை ரவிக்கை வந்தது என்று சொல்ல வேறு சான்று எதுவும் கிடையாது. அந்தப் பூச்சடுக்குகள் மட்டும்தான். பளபளப்பான எனாமலுக்கு அடியில் மங்கிய நீர்வண்ணத்தில் ஒரு கண்மை தெரிந்தால், பெயிண்டுக் கடை ஊருக்கு வருவதற்கு முன்பே ஒரு கை அதைத் தீட்டியிருக்கிறது என்று பொருள். அதுவும் எனாமலோடு சேர்ந்து போய்விட்டால் திரும்ப வராது.

சட்டம் இதற்குள் பாதி தூரம்தான் வந்திருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு இந்தியத் தரக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறையில் இருக்கிறது. பதிவுபெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கு அதில் விலக்கு உண்டு. சின்னப் பட்டறைகள் சோதனைக் கட்டணத்தில் மூழ்கிவிடாமல் காக்க அந்த விலக்கு தேவைதான். ஆனால் வீட்டுப் பரணில் இருக்கும் பொம்மையின் மேல் என்ன இருக்கிறது என்று பார்ப்பது எந்த அலுவலகத்தின் வேலையும் இல்லை. அது வீட்டுக்காரர் பொறுப்பு.

எடுப்பது என்று முடிவு செய்த வீடுகள் தஞ்சாவூரில் நடந்ததைத் தங்கள் அளவில் செய்யலாம். தொடங்குமுன் பகல் வெளிச்சத்தில் நான்கு பக்கமும் படம் எடுத்துவைக்க வேண்டும். யார் வாங்கியது, எந்தக் கல்யாணத்துக்கு வந்தது, எந்த வண்ணத்தை யார் தீட்டினார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். முதலில் மேல் அடுக்கை மட்டும் எடுத்து, அடியில் வருவதைப் பார்த்து நிறுத்தி யோசிக்க வேண்டும். கீழே பழைய நீர்வண்ணம் தெரிந்தால் அதைத் தொடாமல் விடலாம். உதிர்கிற, ஈயம் உள்ள எனாமல் குழந்தை கைபடும் பொம்மையில் இருந்தால் அது போகத்தான் வேண்டும். ஆனால் பீடத்தின் பின்பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு எல்லா அடுக்கையும் அப்படியே விட்டு, பூச்சு உதிராதபடி மேலே தெளிந்த வார்னிஷ் ஒரு கை அடித்துவைத்தால், பிற்காலத்தில் கேட்கிறவர்களுக்குக் காட்ட ஏதாவது இருக்கும். அந்தப் பொம்மையை வாயில் வைக்கும் வயதுக் குழந்தையிடம் கொடுக்காமல் கொலுப்படியில் மட்டும் வைப்பது நல்லது. விளையாடக் கொடுப்பதற்கு, பூச்சே ஏறாத புதுப் பொம்மையை மாதவமாலாவில் கேட்டு வாங்கலாம்.